மதுரைப் புறநகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: ஊர்ச் செய்தி அறியவும் பொதுவேலையில் சேரவும் ஒரு வழிகாட்டி

ஆனையூர், விளாங்குடி, திருநகர், அவனியாபுரம், அதையும் தாண்டி ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை என்று மதுரையைச் சுற்றி வீடு கட்டியோ வாடகைக்கோ வருகிறவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே சங்கடம்தான். தண்ணீர் எந்தக் கிழமை திறப்பார்கள், நாளைக்கு கரண்ட் இருக்குமா, கிராம சபை என்றைக்கு, கண்மாயைச் சுத்தம் செய்கிறார்களாமே, எங்கே போய்ப் பெயர் கொடுப்பது? எதுவும் நம் காதுக்கு வராது. பக்கத்து வீட்டில் கேட்டால் முந்தின நாளே தெரிந்திருக்கும்.

எந்த ஆபீஸில் எதைக் கேட்பது என்று தெரியாமல் நானும் நிறைய அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற மனசு உங்களுக்கு இருக்கலாம். ஆனால் அந்த ஊரின் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாதவரை நீங்கள் விருந்தாளிதான். ஆகவே காகித வேலையை முதலில் முடியுங்கள். மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்.

1. உங்கள் தெரு யார் கணக்கில் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கே போனாலும் "இது எங்களுக்கு வராது" என்றுதான் சொல்வார்கள். மதுரை மாநகராட்சிக்கு 5 மண்டலங்கள், 100 வார்டுகள். அவனியாபுரம், திருநகர், ஆனையூர், விளாங்குடி எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டவை. அதற்கு வெளியே பேரூராட்சி, ஊராட்சி என்று தெருவுக்குத் தெரு மாறும். ஒரே ரோட்டின் இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்றும் இருக்கும். புறநகரின் எல்லைகள் அவ்வப்போது மாற்றி அறிவிக்கப்படுகிறவை. அதனால் பழைய ஆள் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

நம்பத் தகுந்த காகிதம் ஒன்றுதான்: கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது. அதில் மண்டலமும் வார்டு எண்ணும் இருந்தால் மாநகராட்சி. ஊராட்சியின் பெயரும் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் இருந்தால் உங்கள் மேல் அலுவலகம் வட்டார வளர்ச்சி அலுவலகம், அதாவது பி.டி.ஓ. ஆபீஸ். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் உதவும்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு பணச் செய்தி: மாநகராட்சிச் சொத்துவரியை ஒவ்வொரு அரையாண்டிலும் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய்.

இந்த ஒரு வாரத்தில் நான்கு பேரின் போன் நம்பரை வாங்கிவிடுங்கள். மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலர், தண்ணீர் திறந்துவிடும் ஊழியர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர், வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஊராட்சி என்றால் கவுன்சிலருக்குப் பதில் தலைவர் அல்லது வார்டு உறுப்பினர், கூடவே ஊராட்சிச் செயலர். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகிற காலங்களில் தலைவர் இருக்கமாட்டார், தனி அலுவலர்தான் பொறுப்பில் இருப்பார். அப்போது ஊரில் நடப்பது எல்லாம் தெரிந்தவர் செயலர்தான். அவரிடம் மரியாதையாகப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

2. வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றுங்கள்

பலரும் இதை ஓட்டுப் போடும் வேலை என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். கிராம சபையின் உறுப்பினர் என்றால் யார்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பெயர் இன்னும் சிவகாசியிலோ சென்னையிலோ கிடந்தால், கூட்டத்தில் உட்காரலாமே தவிர, தீர்மானத்தில் உங்கள் கை கணக்கில் வராது.

வேறு இடத்தில் ஏற்கெனவே ஓட்டு இருப்பவர்களுக்கு முகவரி மாற்றப் படிவம் 8. முதல்முறை சேருகிறவர்களுக்குப் படிவம் 6. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ நீங்களே போடலாம். பிரவுசிங் சென்டரில் போட்டால் அவர்களுடைய கூலி மட்டும்தான். சந்தேகத்துக்கு வாக்காளர் உதவி எண் 1950-ஐ அழைக்கலாம்.

முகவரிச் சான்றாக ஆதார், வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், பாஸ்போர்ட், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், பதிவு செய்த கிரயப் பத்திரம், கரண்ட் அல்லது தண்ணீர் பில் ஆகியவற்றில் ஒன்று போதும். இங்கேதான் வாடகைக்கு வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பதிவு செய்தது ஆகாது. ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டு அதையே சான்றாகக் கொடுப்பதுதான் சுலபமான வழி.

படிவம் போட்டதும் வரும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பகலில் வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுபோகும். அவரை நீங்களே போனில் அழைத்து எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சில வாரங்கள் ஆகும். தேர்தல் நெருங்கும்போது போட்டால் பட்டியல் அச்சாகும் அவசரத்தில் விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பிறகு, முன்பு பெயர் இருந்தவர்களும் இப்போது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

3. செய்தி வரும் வழிகள்

காலையில் ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பு வாங்குங்கள். தினமலர், தினத்தந்தி, தினகரன், இந்து தமிழ் திசை எதுவானாலும் சரி, மாவட்டப் பக்கங்களை முதலில் படியுங்கள். துணைமின் நிலையப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் முந்தின நாளே பகுதிவாரியாக வந்துவிடும். அதில் உங்கள் தெருப் பெயர் இல்லாமலும் போகலாம், துணைமின் நிலையத்தின் பெயர் கட்டாயம் இருக்கும். உங்களுக்கு எது என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

வைகைக் கரையோரம் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் அணை நிலவரத்தையும் பாருங்கள். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றுக்குள் குப்பை அள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது அவசியம். 66 என்று பேப்பரில் வந்துவிட்டால் அந்த வாரம் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

பேப்பரில் வராத செய்திகள் சுவர்களில் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை, ரேஷன் கடைப் பலகை, கிளை நூலகத்தின் வாசல், அரசுப் பள்ளியின் கேட். வாரத்தில் ஒரு மாலை நடந்துபோய் நான்கையும் பார்த்துவிட்டு வாருங்கள். மருத்துவ முகாம், ஆதார் முகாம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். ஆனால் தேதி, இடம், அனுப்பியவர் பெயர் மூன்றும் இல்லாத எந்தத் தகவலையும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று படத்தோடு வரும் வதந்தியால் வழிப்போக்கர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அப்படி வந்தால் 112-க்குச் சொல்லுங்கள், குழுவில் பரப்பாதீர்கள்.

4. கிராம சபைக்குத் தயாராகப் போங்கள்

ஆண்டுக்கு 6 நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். இடத்தையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். பல ஊர்களில் குக்கிராமம் குக்கிராமமாக இடம் மாறும், அதனால் போன தடவை நடந்த இடத்திலேயே போய் நிற்காதீர்கள்.

குறைந்தபட்ச வருகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. புதிய நகர்கள் வந்து பெருத்துவிட்ட புறநகர் ஊராட்சிகளில் இந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பெரும்பாடு. நம்மைப் போல் புதிதாக வந்தவர்கள் விடுமுறை நாள் என்று வீட்டில் படுத்துக்கொள்கிறோம். அப்புறம் நம் தெருவுக்கு விளக்கு வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். குடும்பத்தோடு போங்கள்.

கையில் மனு இருக்க வேண்டும். பேசினால் காற்றோடு போய்விடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும், தெருப் பெயர், எத்தனை வீடு, எத்தனை மீட்டர் என்று தெளிவாக எழுதுங்கள். "எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி வேண்டும்" என்ற மனுவால் ஒன்றும் ஆகாது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, மேலே தேதியும் கூட்டத்தின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் போட வேண்டாம். தீர்மானங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கோரிக்கையின் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பி.டி.ஓ. ஆபீஸில் பேசுவதற்கு அந்த எண்தான் உங்கள் பிடி.

மாநகராட்சி வார்டுகளில் இதற்கு இணையாகப் பகுதி சபாக் கூட்டமும் வார்டு குழுவும் உண்டு. கவுன்சிலரின் அலுவலகத்தில் தேதி கேளுங்கள்.

5. மனுவைப் பின்தொடருங்கள்

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆதார் எடுத்துப் போங்கள், வாசலில் பையைச் சோதிப்பார்கள். மனுவைப் பதிந்து எண் போட்ட ரசீது தருவார்கள். வீட்டில் இருந்தபடியே என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது குறைதீர் கூட்டம் நடக்காது, பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். லீவு போட்டுவிட்டுப் போவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிலே வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டணவில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இந்த எண்ணுள்ள மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.

6. தனியாளாகத் தொடங்கக்கூடிய பொதுவேலைகள்

நூலகம்: கிளை நூலகத்தில் உறுப்பினராகி, நூலக நண்பர்கள் திட்டத்தைப் பற்றி நூலகரிடம் கேளுங்கள். நூலகத்துக்கு வரமுடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கிவரும் வேலை. புதிதாக வந்தவருக்குத் தெருவைப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பார்வையற்றோருக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது: அழகர்கோவில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆள் தேடுவார்கள். எழுதுபவரின் படிப்பு, தேர்வரின் படிப்பைவிடக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று தேர்வு நடத்துபவர்கள் கேட்பார்கள். அதனால் முதுகலை முடித்தவருக்கு வாய்ப்புக் குறைவு, வீட்டில் உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதிகம். ஆதார், கல்விச் சான்று நகல், புகைப்படம் தயாராக இருக்கட்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேர்வன்று வராமல் இருப்பதைப் போல் ஒரு துரோகம் இல்லை. ஒரு மாணவரின் ஆண்டே போய்விடும். உறுதியாக முடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள்.

எழுத்தறிவு: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். சம்பளம் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு மாலை நேரம்தான் ஒத்துவரும். உங்கள் ஆபீஸ் நேரத்தைப் பார்த்துச் சம்மதியுங்கள்.

ரத்ததானம்: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. அரசு இராசாசி மருத்துவமனை ரத்த வங்கியில் நேரடியாகக் கொடுக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்த வேண்டும் என்றால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சம்மதித்தது போதாது. கல்வித் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகே பள்ளிக்குள் போங்கள்.

7. கண்மாய் வேலைக்கும் மரம் நடுவதற்கும் அனுமதி

ஆர்வத்தோடு ஜேசிபி பிடித்துக் கண்மாய்க்குள் இறங்கி, போலீஸ் ஸ்டேஷனில் நின்றவர்கள் உண்டு. கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியவை. மாநகராட்சி எல்லைக்குள் ஊருணிகளுக்கு மண்டல அலுவலகம். புல எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு, அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள். தேதி, எத்தனை பேர், என்ன வேலை, இயந்திரம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பதில் வர ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

குப்பை, பிளாஸ்டிக், சீமைக்கருவேலம் எடுப்பது ஒரு வேலை. மண் எடுப்பது வேறு வேலை, இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் கனிமத் திருட்டு வழக்குதான். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்க தாசில்தாரிடம் கட்டணமில்லாமல் அனுமதி பெறலாம், ஆனால் அதை அந்த விவசாயியோ குயவரோதான் கேட்க வேண்டும். வெட்டிய கருவேல விறகும் அரசு சொத்து. யார் எடுப்பது என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஊருக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இந்த விறகால்தான்.

கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். தடித்த பூட்ஸ் இல்லாதவர்களைக் கரையிலேயே நிறுத்துங்கள். வேலையை காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மரம் நட அக்டோபர் மழைதான் காலம். சித்திரையில் நட்டுப் படம் எடுப்பதில் பயனில்லை. கன்றுக்கு வனத்துறை நாற்றங்காலில் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். புங்கை, வேம்பு, பூவரசு, நாவல் நம் மண்ணுக்கு நன்றாக வரும். கோனோகார்பஸ் நடுவதற்கு 2025 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கரண்ட் கம்பிக்கு நேர் கீழேயும் குடிநீர்க் குழாய் மேலேயும் நட்டால் பிறகு வெட்டத்தான் வருவார்கள். கன்றைவிடக் கூண்டுக்கும் இரண்டு கோடைக்குத் தண்ணீருக்கும்தான் செலவு அதிகம். எந்தக் கன்றுக்கு எந்த வீடு பொறுப்பு என்று எழுதி வைத்த பிறகு குழி தோண்டுங்கள்.

8. சித்திரைத் திருவிழாவில் நீர்மோரும் அன்னதானமும்

அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் ஏதாவது ஒரு பந்தலில் நிற்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். சாப்பாடோ மோரோ கொடுக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் இணையம் வழியாகப் பதிய வேண்டும். அடிப்படைப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இடம் சாலையோரம் என்றால் மாநகராட்சியையும் போலீஸையும் கேட்க வேண்டும். பங்குனி மாதமே தொடங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் கப், பாக்கெட் தண்ணீர் வேண்டாம், பிடித்தால் அபராதம். முதல் ஆண்டு சொந்தப் பந்தல் போடாமல், பல வருடமாக நடத்துகிறவர்களோடு நின்று பரிமாறுங்கள். கூட்டம் எந்த நேரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

9. குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு செய்வது

மேலே சொன்னவற்றில் ஓராண்டாவது சேர்ந்து வேலை செய்த ஆட்கள் கிடைத்த பிறகு சங்கத்தை நினையுங்கள். அதற்கு முன் பதிவு செய்த சங்கங்கள் நிர்வாகிகள் சண்டையிலேயே முடிகின்றன.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தொடங்கிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் இருப்பதால் உங்கள் இடம் எதில் வருகிறது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் துறையின் இணையதளம் வழியாகத் தொடங்கலாம், கட்டணமும் அங்கேயே காட்டும்.

தேவையான காகிதங்கள்: சங்கத்தின் நோக்கக் குறிப்பு, துணைவிதிகள், உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகளின் ஆதார் நகல், அலுவலக முகவரிக்கான வரி ரசீதும் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும். துணைவிதியை வேறு சங்கத்திலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். தேர்தல் எப்படி, கையெழுத்து யார் யார், கணக்கை யார் தணிக்கை செய்வது, ஒருவரை நீக்குவது எப்படி என்ற நான்கையும் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். இடைத்தரகர் கேட்கும் தொகையில் பாதிக்கு மேல் அவருடைய கூலிதான். தட்டச்சு தெரிந்த ஓர் ஆள் இருந்தால் நீங்களே செய்யலாம்.

பதிவுச் சான்று கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. இருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். யாருடைய தனிக் கணக்கிலும், தனி ஜிபேயிலும் சந்தா வாங்க வேண்டாம்.

பதிவு முடிந்தால் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்க வசதி. தெரு விளக்கு, பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்ற பணிக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பணத்தைக் கட்டும் முன் மதிப்பீட்டின் நகலை வாங்கிக் குழுவில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-இல் கணக்கை முடித்து, பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விட்டால் அபராதம் சேரும், சில ஆண்டு விட்டால் சங்கமே செயல்படாததாகிவிடும். செயலாளர் வீடு மாறிப் போகும்போது பதிவேடுகளையும் கொண்டுபோய்விடுவது அடிக்கடி நடக்கிறது. பதிவுச் சான்று, துணைவிதி, தாக்கல் செய்த ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குறைந்தது மூன்று பேரிடம் வைத்திருங்கள்.